வாடிக்கையாளரின் டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கரிசல்_நிரல் (கோவில்பட்டி)

வணக்கம். கடைப் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு கடலைமிட்டாய்க் கடை. 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடியதால் வெப்சைட் போட்டார்கள். போன மாதம் அந்த முகவரியைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வந்திருக்கிறது. இப்போது அதுவும் வரவில்லை. "தம்பி, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று அண்ணாச்சி வந்து நிற்கிறார்.

ஹேக்கெல்லாம் இல்லை. டொமைன், அதாவது அந்த இணைய முகவரி, காலாவதி ஆகிவிட்டது. டாட் காம் என்பதால் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: கெடு முடிந்ததும் அதிகபட்சம் 45 நாள் வரை பதிவாளர் (டொமைன் விற்கும் நிறுவனம்) பொறுத்துக்கொள்ளலாம், அதற்குள் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துவிடலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அதற்கும் பிறகு 5 நாளில் அழித்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இது மீட்புக் காலத்தில் கிடக்கிறது. புதுப்பிக்கும் கட்டணம் தனி, மீட்புக் கட்டணம் தனி. அதுவே பல ஆயிரம்.

பணத்தைக் கட்ட அண்ணாச்சி தயார். கட்ட வழிதான் இல்லை. டொமைன் முன்பு சைட் செய்துகொடுத்த பையனின் பெயரில் இருக்கிறது. அவனுடைய கல்லூரிக் கால மெயில், அவனுடைய கார்டு. இப்போது அவன் துபாயில். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முடிந்த பிறகு ஒன்று என்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் (உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதி. பதிவாளர் அனுப்பியிருப்பார். அந்த மெயிலை அவன் திறப்பதே இல்லை.

நான் யாருக்குச் செய்தாலும் டொமைனை அவர்கள் பெயரில், அவர்கள் மெயிலில், அவர்கள் பணத்தில்தான் வாங்கித் தருவேன். ஹோஸ்டிங் (சைட் கோப்புகள் இருக்கும் வாடகை சர்வர்) கெட்டுப்போனால் ஒரே ராத்திரியில் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். டொமைன் போனால் பேக்கப்பிலிருந்து எடுக்க முடியுமா? ஆனால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தங்கள் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

—

பழைய_சர்வர் (சென்னை)

முதலில் அந்தப் பையனை எப்படியாவது பிடியுங்கள். பதிவாளருக்கு நீங்களும் அண்ணாச்சியும் யாரோ மூன்றாம் மனிதர்கள். ஜிஎஸ்டி சான்றிதழ் அனுப்பினாலும் கணக்கைத் திறந்து கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. மீட்புக் காலத்தில் வேறு பதிவாளருக்கு மாற்றவும் முடியாது. இருக்கும் இடத்தில் மீட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

மீட்டதும் அவசரப்பட்டு வேறு பதிவாளருக்குக் கொண்டுபோக வேண்டாம். உரிமையாளர் பெயரை மாற்றினால் பெரும்பாலும் 60 நாள் பூட்டு விழும். அதே பதிவாளரிடம் அண்ணாச்சி பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பையன் கணக்கிலிருந்து இதற்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் அது சில நிமிட வேலை.

கார்டு விஷயத்தில் இன்னொன்று. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி மாறியது நினைவிருக்கும். தானாகக் கழியும் பணத்துக்கு முன்கூட்டியே பதிவு வேண்டும், தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்றார்கள். 2022 ஜூனில் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். ஆனால் பல வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த முறைக்குள் வரவே இல்லை. 'ஆட்டோ ரினியூ' பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும், கழிக்கும்போது வங்கி மறுத்துவிடும். அந்தப் பையன் ஏமாற்றினான் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருக்கலாம். அவன் கார்டில் நடந்ததே இதுவாகவும் இருக்கலாம்.

கேள்விக்குப் பதில்: எப்போதும் வாடிக்கையாளர் பெயரில்தான். சைட் நாம் கட்டிக்கொடுத்தது என்பதற்காகப் பட்டாவை நம் பெயரில் வைத்துக்கொள்ள முடியுமா?

—

ராத்திரி_ஷிப்ட் (மதுரை)

அண்ணா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறைக்கு வாருங்கள்.

'அவர்கள் மெயிலில்' என்கிறீர்கள். எந்த மெயில்? எங்கள் ஊரில் ஒரு பாத்திரக் கடை. உரிமையாளருக்கு அறுபது வயது. "ஐயா, உங்கள் ஜிமெயில் ஐடி என்ன?" என்று கேட்டேன். போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் பெயரோடு எட்டு இலக்க எண் ஒட்டிய ஒரு முகவரி. போன் வாங்கும்போது கடைப் பையன் உருவாக்கியது. கடவுச்சொல் அந்தப் பையனுக்குத்தான் தெரியும், அவனும் அன்றைக்கே மறந்திருப்பான். மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்தது அவரிடம் இப்போது இல்லாத பழைய சிம். அதற்கு முந்தைய போனுக்கு வேறொரு ஜிமெயில். போன் மாறினால் மெயிலும் மாறும், அவருக்கு அது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் வாட்ஸாப் வந்துவிடுகிறது. காண்டாக்டைச் சிம்மில் வைத்திருக்கிறார்.

இவர் பெயரில், இவர் மெயிலில் டொமைன் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? துபாய் பையன் கதையேதான். ஒரு வித்தியாசம், அங்கே தேடிப் பிடிக்க ஓர் ஆளாவது இருக்கிறான்.

என் கணக்கில் வைத்திருக்கிறேன். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறேன், புதுப்பிக்கிறேன். இதுவரை யாருடைய டொமைனும் போனதில்லை.

—

தறிக்காரன் (கரூர்)

போன் கடை ஜிமெயில். சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மாமனாருடைய யூடியூப்பில் யாரோ ஒரு பெண் பெயர் வருகிறது. முன்பு அந்த போனைக் காட்சிக்கு வைத்திருந்தார்களாம்.

—

கரிசல்_நிரல்

@ராத்திரி_ஷிப்ட், நாளைக்கு நீங்கள் வேலை மாறி வெளிநாடு போனால்? உடம்புக்கு ஏதாவது வந்தால்? உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் கணக்கைத் திறக்கத் தெரியுமா?

—

ராத்திரி_ஷிப்ட்

நியாயமான கேள்வி. பதில் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்.

—

யாழ்_வலை (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்க அனுபவத்தையும் சொல்கிறேன். 'அவர்கள் பணத்தில்' என்பது 2022-ல் எங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது. மே மாதம் முந்நூற்று அறுபது. ஹோஸ்டிங் காசு டொலரில். வாடிக்கையாளரோடு வருடம் தொடங்கும்போதே ரூபாயில் விலை பேசி முடித்தாயிற்று. மிச்சத்தை யார் கட்டுவது? கட்டவும் வழி வேண்டுமே, டொலர் தட்டுப்பாட்டில் உள்ளூர் வங்கி கார்டுகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரைப் பிடித்து அவர் கார்டில் கட்டுவித்தோம். பல கடைகளின் டொமைன் அப்படித்தான் கனடா மச்சான் பெயருக்கும் லண்டன் சித்தப்பா பெயருக்கும் போனது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, அந்த நேரம் அதுதான் வழி. இப்போது அதையெல்லாம் திருப்பி எடுப்பது பெரிய வேலையாகக் கிடக்கிறது. சில குடும்பங்களில் கதை பேச்சே இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழும்பி, மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே அப்டேட் போட்டோம்.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டது: உள்ளூர்க் கடை என்றால் டொட் எல்கே. இங்கேயே ரூபாயில் கட்டலாம். கடைக்காரரே போய்க் கட்டலாம், சொந்தக்காரர் தேவையில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் டொட் கொம்.

—

முதல்_தளம் (ஈரோடு)

நான் புதுசு. இவ்வளவு தலைவலி எதற்கு? வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது, ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவுக் கணினி) சும்மா கிடக்கிறது. நாலு கடை சைட்டை அதிலேயே ஓடவிட்டால் ஹோஸ்டிங் செலவே இல்லையே?

—

தறிக்காரன்

மாதாந்திரப் பராமரிப்பு அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று ஈபி ஆபீசில் கேட்டுச் சொல்லுங்கள்.

—

பழைய_சர்வர்

@முதல்_தளம், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை, செய்து பாருங்கள். பிறர் கடையை மட்டும் அதில் ஏற்றாதீர்கள்.

முதலில் உங்கள் ரூட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி என்ன என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட் உள்ளே இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ரூட்டரில் என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உங்களிடம் வந்து சேராது. கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஏதாவது போட்டு, உள்ளேயிருந்து வெளியே இணைப்புப் பிடித்துச் சமாளிக்கலாம். அடுத்தது மெமரி கார்டு. டேட்டாபேஸ் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் கார்டு தேய்ந்துபோகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பே குலையும். எஸ்எஸ்டி போடுங்கள். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போடுங்கள். அப்புறம் கணக்குப் பார்த்தால் பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுப்பதே மலிவு என்று தெரியும்.

—

முதல்_தளம்

100.72 என்று வருகிறது. புரிந்துவிட்டது. அப்படியென்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் போதுமா?

—

ராத்திரி_ஷிப்ட்

இடம் அன்லிமிடெட், சரி. கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதை விதிமுறைப் பக்கத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். ஒரு மெயில் ஒரு கோப்பு. கடைக்காரர் வருடக்கணக்காக மெயிலை அழிக்கவே மாட்டார். வேர்ட்பிரஸ் கேஷ் கோப்புகள் வேறு. ஒருநாள் படம் ஏற்ற முடியாது, ஆர்டர் மெயில் வராது, டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். கோப்பு எண்ணிக்கையிலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வருட விலையைப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டாம் வருட விலையையும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

—

கரிசல்_நிரல்

வியாழன். பையன் கிடைத்துவிட்டான். அவன் அம்மா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார், அண்ணாச்சியே நேரில் போய் நம்பர் வாங்கி வந்துவிட்டார். பாவம், அவனுக்கு விஷயமே தெரியாது. மெயிலைத் திறந்து, ஓடிபி சொல்லி, மீட்புக் கட்டணம் அண்ணாச்சி கொடுத்து, டொமைன் வந்துவிட்டது. அண்ணாச்சி பெயரில் புதுக் கணக்குக்குத் தள்ளியாயிற்று.

ஹோஸ்டிங் கதை வேறு. பழைய இடத்தில் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். பையனிடம் இருந்த டேட்டாபேஸ் பேக்கப்பைப் புது இடத்தில் ஏற்றினால் ஆங்கிலம் சரியாக வருகிறது, தமிழ் மட்டும் கோழிக் கிறுக்கல். 'எள்ளு மிட்டாய்' என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. முந்நூறு பொருள் விவரம். திரும்பத் தட்டச்சு செய்வதா?

—

மெய்_புள்ளி (தஞ்சாவூர்)

வேண்டவே வேண்டாம். அந்தக் கிறுக்கலுக்குள் தமிழ் முழுசாக இருக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட். உயிர்மெய்யில் குறியும் சேர்ந்தால் ஆறு. பழைய டேட்டாபேஸ் அட்டவணை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று இருந்திருக்கும், சைட் இணைந்ததும் லத்தீன்1 ஆகவே இருந்திருக்கும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் என்ன ஏது என்று கேட்காமல் அந்தப் பைட்டுகளை அப்படியே வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் சைட்டில் தமிழ் சரியாகத் தெரிந்தது. பேக்கப் எடுக்கும் கருவி மட்டும் 'இது லத்தீன், யூடிஎஃப்-8 ஆக்குகிறேன்' என்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்து மறுபடி மாற்றிவிட்டது. இரண்டு முறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: அந்தப் பேக்கப்பை ஒரு தற்காலிக டேட்டாபேஸில் அப்படியே ஏற்றுங்கள். அங்கிருந்து மறுபடி டம்ப் (முழு நகல் கோப்பு) எடுங்கள், இந்த முறை எழுத்துத்தொகுதி லத்தீன்1 என்று வெளிப்படையாகக் கொடுத்து. அது இரண்டாவது மாற்றத்தைக் கழற்றிவிடும். வரும் கோப்பை எடிட்டரில் திறந்தால் தமிழ் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கோப்பில் லத்தீன்1 என்று இருக்கும் இடங்களை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, உண்மையான டேட்டாபேஸில் ஏற்றுங்கள். தெரியாவிட்டால் ஏற்றாதீர்கள், இங்கே வந்து சொல்லுங்கள்.

வெறும் யூடிஎஃப்8 போதாதா என்று கேட்பார்கள். தமிழுக்குப் போதும். இமோஜிக்கு நாலு பைட் வேண்டும், வாடிக்கையாளர் கருத்துப் பெட்டியில் ஒரு கைகூப்பு போட்டால் அங்கே உடையும்.

கூடவே பொருள் விவரத்தைச் சுருக்கிக் காட்டும் இடத்தையும் பாருங்கள். பழைய பிஎச்பி நிரலில் சப்ஸ்டிஆர் (உரையை வெட்டும் கட்டளை) வைத்து நூறோடு வெட்டியிருப்பார்கள். அது பைட் கணக்கு, எழுத்தின் நடுவில் வெட்டி, கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். எம்பி சப்ஸ்டிஆர் போட்டால் வைரம் போகும், ஆனால் குறியைத் தனி எழுத்தாக எண்ணுவதால் 'கொ' என்பதில் வெட்டினால் 'க' மட்டும் மிஞ்சும். புள்ளி போய் 'மிட்டாய்' 'மிட்டாய' ஆகும். கிராபீம் சப்ஸ்டிஆர் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் சரி. தமிழ் சைட் செய்கிறவர்களே இதைப் பயன்படுத்தாதது எனக்கு ஆறாத எரிச்சல்.

—

கரிசல்_நிரல்

அக்கா, எள்ளு மிட்டாய் வந்துவிட்டது! முந்நூறும் வந்துவிட்டது. கும்பிடு.

அண்ணாச்சி பார்த்துவிட்டு "பில்லுலயும் தமிழ் வருமா?" என்கிறார். கடையில் சின்ன பில் பிரின்டர் இருக்கிறது, தமிழ் அனுப்பினால் கேள்விக்குறியாக அடிக்கிறது.

—

மெய்_புள்ளி

58 மிமீ தெர்மல் தானே? அந்த மாதிரி பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துப் பட்டியலில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. பில்லை முழுசாகப் படமாக வரைந்து அனுப்புங்கள். அகலம் 384 புள்ளி. கொஞ்சம் மெதுவாக அடிக்கும், அழகாக வரும். மெல்லிய எழுத்துரு வேண்டாம், தடித்ததாக எடுங்கள், இல்லையென்றால் புள்ளி காகிதத்தில் காணாமல் போகும்.

—

கரிசல்_நிரல்

வெள்ளி. இது என்ன மாயம் என்று யாராவது சொல்லுங்கள். என் மடிக்கணினியில் புது சைட் வருகிறது. கடை வைஃபையிலும் புதுசு. அண்ணாச்சி தெருவில் நின்று மொபைல் டேட்டாவில் திறந்தால் மட்டும் பழைய ஹோஸ்டிங்கின் 'கணக்கு முடக்கப்பட்டது' பக்கம். கேஷ் அழித்தாயிற்று, போனை அணைத்துப் போட்டாயிற்று, டிடிஎல் நேரமும் (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் கெடு) எப்போதோ கடந்துவிட்டது. பூட்டுக்குறி சான்றிதழும் கிடைக்க மாட்டேன் என்கிறது.

—

பழைய_சர்வர்

டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவேடு) 'ஏஏஏஏ' என்று நாலு ஏ சேர்ந்த ரெக்கார்டு இருக்கிறதா பாருங்கள். புது வகை ஐபி முகவரியான ஐபிவி6-க்கானது.

—

கரிசல்_நிரல்

இருந்தது! பழைய சர்வர் முகவரி. நான் ஐபிவி4-க்கான ஒற்றை ஏ ரெக்கார்டை மட்டும்தான் பார்த்தேன்.

—

பழைய_சர்வர்

நம் மொபைல் நெட்வொர்க்குகளில் போன் பெரும்பாலும் ஐபிவி6-ல் போகும். கடையின் பிராட்பேண்ட் ஐபிவி4. அதனால்தான் வாசல்படி தாண்டினால் சைட் மாறுகிறது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டும் ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் தட்டிப் பார்க்கும், பழைய வீட்டுக்குப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. இப்போது வாங்கிப் பாருங்கள், கிடைக்கும்.

கையால் வாங்கி ஏற்றும் பழக்கம் இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட்டில் வழக்கமான சான்றிதழ் 90 நாள். உலாவிக்காரர்களும் சான்றிதழ்க்காரர்களும் சேர்ந்து 2025-ல் எடுத்த முடிவுப்படி, காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் 2029 மார்ச்சிலிருந்து அதிகபட்சம் 47 நாள்தான். 2025 ஜூனோடு லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயிலையும் நிறுத்திவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் கருவியை அமைத்துவிட்டு, அது ஓடுகிறதா என்று தனியாக ஒரு கண்காணிப்பும் போடுங்கள்.

—

தறிக்காரன்

நடுவில் ஒரு கேள்வி. ஹோஸ்டிங்காரரே தினமும் பேக்கப் எடுக்கிறார் என்றால் நாம் எடுக்கத் தேவையில்லையே?

—

மெய்_புள்ளி

2021 மார்ச் 10, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுசாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. வேறு நிறுவனம், வேறு ஊர், வாரம் ஒரு நகல். அதை ஒருமுறை திறந்தும் பாருங்கள். கரிசலுக்கு வந்த கிறுக்கல் மாதிரிதான் பல பேக்கப்புகளும் இருக்கும்.

—

ராத்திரி_ஷிப்ட்

யோசித்துவிட்டு வந்தேன்.

என் கணக்கில் நாற்பதுக்கு மேல் டொமைன் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அது உண்மை. ஆனாலும் போன் கடை ஜிமெயிலில் கொண்டுபோய் வைப்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனவே இரண்டு வாடிக்கையாளர்களிடம் வேறு மாதிரி செய்து பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எதை மறந்தாலும் ஆடிட்டரை மறக்கமாட்டார்கள். ஜிஎஸ்டி கடவுச்சொல் அவரிடம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் மேசை டிராயரில். அவர் அலுவலகத்தில் ஒரு பெண் மாதா மாதம் 20-ஆம் தேதிக்கு முன்னால் எல்லாக் கடைக்கும் போன் போட்டு விரட்டுகிறார். அந்தக் கெடுப் பட்டியலில் 'டொமைன் புதுப்பித்தல்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கடையின் பெயரில் புதிதாக ஒரு மெயில் திறந்து, கடையின் தரைவழி எண்ணும் மகனுடைய போன் எண்ணும் மீட்புக்குக் கொடுத்து, கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் காகிதத்தில் எழுதி, கடையின் ஜிஎஸ்டி ஃபைலில் செருகியாயிற்று. டொமைன் கடை பெயரில். எனக்குத் தொழில்நுட்பத் தொடர்பு உரிமை மட்டும்.

ஆடிட்டர் "இதுக்கும் ஃபீஸ் உண்டு தம்பி" என்றார். நியாயம்தான்.

—

பழைய_சர்வர்

நல்ல யோசனை. ஒரு திருத்தம்: அந்த மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. கடைப்பெயர் டாட் காம் டொமைனுக்கான நினைவூட்டல் கடைப்பெயர் டாட் காம் மெயிலுக்கே போனால், டொமைன் படுத்த அன்றைக்கு மெயிலும் படுத்துவிடும். கடவுச்சொல்லை மாற்றக்கூட வழி இருக்காது. பெரிய நிறுவனங்களிலேயே இப்படி வைத்திருப்பதைப் பார்க்கிறேன்.

—

ராத்திரி_ஷிப்ட்

வெளி மெயில்தான் அண்ணா.

—

யாழ்_வலை

ஆடிட்டர் யோசனை இங்கே சரிவராது, சின்னக் கடைகளுக்கு அப்படி ஆள் இல்லை. படித்த மகளோ மகனோ ஒருவர் இருப்பார், அவருக்குப் பழக்கிவிடுவதுதான். ஆனால் ராத்திரி_ஷிப்ட் சொன்ன காகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

—

கரிசல்_நிரல்

எனக்கு ஆடிட்டர் விஷயத்தில் இன்னும் ஒரு நெருடல். நம் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது போலத்தான் இருக்கிறது. நாளைக்கு அண்ணாச்சி ஆடிட்டரை மாற்றினால்?

—

ராத்திரி_ஷிப்ட்

மாற்றினால் ஃபைலை வாங்கிக்கொண்டுதானே போவார். ஆடிட்டரை மாற்றும்போது ஃபைலைக் கேட்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வெப்சைட் செய்பவரை மாற்றும்போது எதைக் கேட்க வேண்டும் என்று யாருக்காவது தெரிகிறதா?

—

கரிசல்_நிரல்

சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. சைட் ஓடுகிறது, ஆர்டர் வருகிறது. ஆனால் ஆர்டர் உறுதி மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேமுக்குப் போகிறது.

—

மெய்_புள்ளி

டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரியில் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற பட்டியல்) பழைய ஹோஸ்டிங் முகவரி இருக்கும், எடுத்துவிடுங்கள். புதிதாக இரண்டாவது வரி சேர்க்காதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டிகேஐஎம் கையெழுத்து (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுவது) ஓடுகிறதா பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மெயில் அளவில் அனுப்புகிறவர்களுக்குத்தான் கூகுளின் முழு விதி, ஆனாலும் சின்னக் கடைக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும். பிஎச்பி மெயில் கட்டளையை விட்டுவிட்டு எஸ்எம்டிபி வழியாக, மெயில் சேவை ஒன்றின் மூலம் அனுப்புங்கள். கடை மெயிலை ஹோஸ்டிங்கோடு கட்டிப்போடாமல் ஜோஹோ மாதிரி தனி இடத்தில் வைத்தால் அடுத்த முறை ஹோஸ்டிங் மாற்றும்போது மெயில் அசையாது.

—

முதல்_தளம்

எனக்கு முதல் வாடிக்கையாளர் வந்திருக்கிறார், மஞ்சள் மண்டி. டொமைனை ஒரேயடியாகப் பத்து வருடத்துக்கு வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதல்லவா?

—

பழைய_சர்வர்

டாட் காமில் அதிகபட்சமே பத்துதான், வாங்கலாம். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த மெயில், அந்த போன் நம்பர், நீங்கள், எல்லாரும் அதே இடத்தில் இருக்க வேண்டும். நான் மூன்று வருடத்துக்கு வாங்குவேன். இடையில் வருடத்துக்கு ஒருமுறை உரிமையாளரையே கணக்கில் நுழையச் சொல்லிப் பார்ப்பேன். நுழைய முடியவில்லை என்றால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம், கெடு இன்னும் இருக்குமே.

—

முதல்_தளம்

சரி அண்ணா. மண்டிக்காரரிடம் ஜிமெயில் கேட்டேன். போனை என் கையில் கொடுத்துவிட்டார்.